சக்கரத் தொப்பியைக் கழற்றிய வாரம்

பழைய கார் ரிப்பேர் என்பது முக்கால்வாசி கழற்றுவது, மீதிக் கால்வாசி கழற்றியதை எங்கே வைத்தோம் என்று தேடுவது. திரும்ப மாட்டுவதெல்லாம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற மாதிரி. இதைப் படிக்கிறவர்களில் ஊறுகாய் ஜாடி மூடியோடு மல்லுக்கட்டியவர்கள், துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், ஒரே ஒரு ஸ்க்ரூ வராததால் அன்றைய சமையலையே மறந்தவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தம்தான்.

நான் மீனா. மதுரைக்காரி, மெக்கானிக்கல் டிப்ளமோ. கணவர் ரமணனுக்கு சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை கிடைத்ததால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கொல்கத்தா வந்தேன். நானும் அங்கேயே ஒரு ஆபீஸில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். கை நமநமவென்றது. பவானிபூரில் ஒரு சந்துக்குள் பழைய கார்களுக்கென்று சின்னதாக ஒரு வொர்க்‌ஷாப் போட்டுவிட்டேன். என்னோடு வேலை பார்க்கிறவர் பிசு-தா, ஐம்பது வயசு ஃபிட்டர். வங்காளத்தில் அண்ணனுக்கு 'தா', அக்காவுக்கு 'தி'. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர் என்னை 'திதி' என்பார், நான் அவரை 'பிசு-தா' என்பேன். இப்படி ஒருத்தரையொருத்தர் மூத்தவராக்கிக்கொண்டே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டோம்.

பாகில் விழுந்தது

எங்கள் தொழிலில் தொப்பி என்றால், முன்சக்கரத்தின் நட்டநடுவில் பேரிங்குக்கு மூடியாக அடித்து இறுக்கியிருக்கும் சின்னத் தகரக் கிண்ணம். உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே வராமலும், வெளியே இருக்கிற தூசி உள்ளே போகாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் உழைக்கிற ஜீவன். பேரிங்கைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இதைக் கழற்றியாக வேண்டும்.

சாதாரணக் கார்களில் இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. விளிம்பில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். வொர்க்‌ஷாப் திறந்த முதல் வாரம் நானும் நெம்பினேன். கொஞ்சம் வீரம் கூடிப்போய்விட்டது. தொப்பி 'டிங்'கென்று கிளம்பி, சந்துக்குக் குறுக்கே பறந்து, எதிர் மிட்டாய்க்கடை வாசலில் ஆறவைத்திருந்த ரசகுல்லா அண்டாவில் போய் விழுந்தது. ஆத்தாடி, எனக்கு உயிரே போய்விட்டது. புதுசாகக் கடை போட்ட வெளியூர்க்காரி, அதுவும் பொம்பளை மெக்கானிக், முதல் வாரமே சண்டையா என்று கைகூப்பிக்கொண்டே ஓடினேன். கடைக்காரர் நீளக் கரண்டியால் தொப்பியை எடுத்து, பாகு சொட்டச் சொட்ட என்னிடம் நீட்டினார். அந்த அண்டாவை அப்படியே ஓரமாக நகர்த்தச் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்தப் பொறுமைக்கு இன்றைக்கும் நான் அவருக்கு அடிமை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "திதி, எங்க ரசகுல்லா வெயில்ல கறுக்காது. அதுக்குத் தொப்பி வேண்டாம்."

தாதா வருகிறார்

போன குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அனு-தி வந்தார். அனுராதா, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர், எங்கள் வொர்க்‌ஷாப்பிலிருந்து ரெண்டு சந்து தள்ளி வீடு. அவர் ஓட்டிவந்த வண்டியைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் செய்தது, ரெண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, குங்குமச் சிவப்பு. உயரம் என் இடுப்புக்குக்கூட வராது. சக்கரத்தில் சைக்கிள் மாதிரி கம்பிகள், நடுவில் ரெண்டு காது வைத்த பெரிய நட். அதைத் தாமிரச் சுத்தியலால் காதில் தட்டித்தான் அவிழ்க்க வேண்டும். அந்த வண்டி சந்துக்குள் நுழைந்தால் நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவேன். அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

அன்றைக்கு வண்டி முனகிக்கொண்டே வந்தது. முன்சக்கரத்திலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். "இடது பக்கம், மீனா. இடது பக்கம் வளைக்கும்போது ஜாஸ்தியா கேட்குது" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வண்டி அவர் அப்பா வாங்கியது. அப்பாவுக்குப் பிறகு பாதி அனு-திக்கு, பாதி அவருடைய தாதாவுக்கு. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்தான், நம்ம ஊர் ரவுடி தாதா இல்லை. ஆனால் இந்த அண்ணனைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எனக்கு நம்ம ஊர் தாதாதான் கண்முன்னால் வந்தார். எழுபது வயசு, புனேயில் இருக்கிறார், பெயர் அமல்பாபு. "தங்கை தனியாக இந்த ஓட்டை வண்டியை ஓட்டிக்கொண்டு திரிகிறாள், சக்கரம் கழன்றால் யார் பதில் சொல்வது, விற்றுவிடலாம்" என்று வாங்க ஆளையும் பார்த்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனே புனேயிலிருந்து வருகிறார். இந்த வண்டியிலேயே பவானிபூரிலிருந்து சால்ட் லேக் வரைக்கும் போய்த் திரும்புவார். சக்கரத்தில் ஒரு முனகல் கேட்டாலும் விற்பனை. கேட்காவிட்டால் தன் பாதியையும் தங்கைக்கே எழுதிக்கொடுத்துவிடுவார்.

நான் கேட்டேன், வண்டி போனால் அவ்வளவு வருத்தமா என்று. கேட்டிருக்கக் கூடாது. பொட்டென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மத்த ஆறு நாளும் நான் யாருக்கோ டீச்சர், யாருக்கோ பக்கத்து வீட்டுச் சித்தி. ஞாயித்துக்கிழமை காலைல அந்த ஸ்டீயரிங்கைப் பிடிச்சாத்தான் நான் அனுராதா."

இடுக்கியும் ஹேர் டிரையரும்

புதன்கிழமை காலை இடது சக்கரத்தைக் கழற்றினேன். அங்கேதான் தொப்பியைப் பார்த்தேன். இந்த மாதிரிக் கம்பிச் சக்கர வண்டிகளில் தொப்பி வெளியே தெரியாது. சக்கரம் மாட்டுகிற இரும்புக் குழாய்க்குள்ளே, விரல் நீளத்துக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். நீள டம்ளரின் அடியில் ஒட்டிக்கொண்ட வெல்லக்கட்டியை ஸ்பூன் இல்லாமல் எடுக்கிற கதைதான். நெம்புவதற்கு விளிம்பும் எட்டாது, ஸ்க்ரூடிரைவர் சாய்க்க இடமும் கிடையாது. அதன் மேல் கெட்டியாகக் கறுப்புப் பெயின்ட் வேறு. ஓட்டை போட்டு இழுத்தால் வந்துவிடும், ஆனால் தொப்பி செத்துப்போகும், தகரத் தூள் பேரிங்குக்குள் விழும். ஞாயிற்றுக்கிழமைக்குள் புதுத் தொப்பி இந்த ஊரில் கிடைக்காது. அதனால் ஒரு கீறல் விழாமல் எடுக்க வேண்டும்.

நாள் முழுக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். எண்ணெய் விட்டேன். வளைந்த கம்பி விட்டேன். வீட்டிலிருந்து ஹேர் டிரையர் கொண்டுவந்து குழாயைச் சூடு காட்டினேன். என் கை சுட்டது, தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வியாழக்கிழமை காலை ஒரு யோசனை வந்தது. அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்குகிற நம்ம இடுக்கி. நீளம் இருக்கிறது, வாய் இருக்கிறது, பிடி இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இடுக்கி உள்ளே போனது, தொப்பியைக் கவ்வியது, நான் மூச்சைப் பிடித்து இழுத்தேன். இடுக்கி மட்டும் வந்தது, நான் பின்பக்கமாக டயர் அடுக்கில் போய் உட்கார்ந்தேன். பிசு-தா சிரிப்பை அடக்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அவரைத் திட்டினேன், அவர் பாட்டுக்கு டீ சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் இடுக்கியை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவித்தான் சமையலறையில் வைத்தேன். ரமணன் அதுவரைக்கும் சட்டை நுனியால் பால் பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. இடுக்கியை எடுத்து மோந்து பார்த்தார். மகா நல்ல மனுஷன், கோபமே வராது. "மீனா, இடுக்கி போனாப் போகுது. ஆனா காபி பில்டர்ல ஏதாவது சக்கரத்துக்கு ஆகும்னு தோணுச்சுன்னா, தயவுசெஞ்சு முதல்ல எங்கிட்டச் சொல்லு."

சொல்லிவிட்டுச் செய்கிறவர்கள்

இடுக்கி தோற்ற அதே வியாழக்கிழமை மத்தியானம் அனு-தி போன் பண்ணினார். தொப்பி பாழாய்ப் போனால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை. எனக்கும் கவலைதான், ஆனால் வாடிக்கையாளரிடம் காட்ட முடியுமா? புதுத் தொப்பி கிடைக்காது என்று தெரிந்தும் தைரியம் சொல்ல நினைத்தேன். என் வங்காளி பேச்சு ஓரளவு நன்றாகவே வரும், கரியாஹாட்டில் புடவைக்காரரிடம் பேரம் பேசி ஜெயித்தவள் நான். தொப்பிக்கு வங்காளியில் 'டுப்பி'. மாட்டிவிடுவதற்கு 'பொரானோ'. ரெண்டையும் சேர்த்து, அழுத்தம் திருத்தமாக, "சிந்தா கொர்பேன் நா அனு-தி, ஆப்னாகே நொதுன் டுப்பி பொரியே தேபோ" என்றேன். கவலைப்படாதீர்கள், உங்களுக்குப் புதுத் தொப்பி மாட்டிவிடுகிறேன் என்று அர்த்தம். அப்படித்தான் நான் நினைத்தேன்.

பக்கத்தில் நின்ற பிசு-தா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, வங்காளியில் ஒருத்தருக்கு டுப்பி போடுவது என்றால் நம்ம ஊரில் குல்லா போடுகிற மாதிரி. அதாவது நல்லா ஏமாற்றுவது. பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் அது என் காதில் விழாமல் போயிருக்கிறது பாருங்கள். அண்ணன் வந்து வண்டியை விற்கப்போகிற வாரத்தில், ஒரு மெக்கானிக் போனில், "கவலையே படாதீங்க, உங்களைப் புதுசா ஏமாத்திடுறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, சக்கரத்துக்கு, சக்கரத்துக்கு என்று கத்தினேன். அனு-தி வெடித்துச் சிரித்தது வொர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "தெற்கத்திக்காரங்க ரொம்ப நேர்மையானவங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் மீனா. ஆனா இந்த அளவுக்குச் சொல்லிட்டுச் செய்வீங்கன்னு தெரியாது."

மாப்பிள்ளையை எழுப்பியது

வெள்ளிக்கிழமை காலை பிசு-தா, "திதி, நீங்க கொஞ்சம் தள்ளுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. டிப்ளமோ நான், முதலாளி நான். ஆனாலும் தள்ளினேன், வேறு வழி?

அவர் ஒரு சின்னப் பித்தளைக் கம்பியும், தேங்காய் உடைக்கக்கூட ஆகாத ஒரு குட்டிச் சுத்தியலும் எடுத்துக்கொண்டார். குழாய்க்குள் கம்பியை விட்டு, தொப்பியின் இடது தோளில் ஒரு தட்டு. வலது தோளில் ஒரு தட்டு. மறுபடி இடது. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எனக்கு எல்லாத் தட்டும் ஒரே மாதிரித்தான் கேட்டது. அவருக்கு மட்டும் 'டொக்' எது, 'டக்' எது என்று தெரிந்தது. பக்கத்தில் ஆட்டோ ஹாரன், மிட்டாய்க்கடையில் கூட்டம், மெட்ரோவுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். மனுஷர் அசையவில்லை. ரெண்டு மணி நேரம். தொப்பி நூலளவு, நூலளவாக வெளியே நடந்து வந்து, கடைசியில் அவர் உள்ளங்கையில் தானாக விழுந்தது. நசுங்கி ஒரு டொக்கு கிடையாது, ஒரு கீறல் கிடையாது. எனக்குப் பொறாமையெல்லாம் போய், கை தட்டத்தான் தோன்றியது. தட்டினேன். எப்படி பிசு-தா என்று கேட்டேன். "இது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குற மாப்பிள்ளை மாதிரி திதி. இழுத்தா கோவிச்சுக்குவார். தோளைத் தட்டித் தட்டி, அவரே எழுந்த மாதிரி எழுப்பணும்."

சிலபஸில் இல்லாதது

இத்தனை பாடுபட்டுத் தொப்பியை எடுத்து, நட்டைப் பூட்டியிருந்த பின்னை உருவி, நட்டைக் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்தால், அது கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளவென்று இருக்கிறது! ஒரு புள்ளி இல்லை, ஒரு தேய்மானம் இல்லை. கையில் வைத்துச் சுற்றினால் வெண்ணெயாகச் சுற்றுகிறது. எனக்குத் தலை கிறுகிறுத்தது.

தப்பு முழுக்க என்னுடையது. இடது பக்கம் வளைக்கும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில்தான் போய் விழும். அப்போது சத்தம் கூடினால் நோவு வலது பக்கத்தில். முதல் வருஷப் பாடம் இது. ஆனால் அனு-தி டீச்சர் குரலில் 'இடது பக்கம்' என்று சொன்னதும், நான் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டேன். நானும் ஒரு ரவுண்டு கூடப் போய்க் கேட்டு, ஆமாம் இடதுதான் என்று சான்றிதழ் வேறு கொடுத்தேன். பிசு-தா செவ்வாய்க்கிழமையே, "வலதையும் ஒரு பார்வை பார்க்கலாமா திதி?" என்று கேட்டிருந்தார். நான்தான், "எனக்குத் தெரியும்" என்றேன். இந்த மூன்று நாளும் அவர் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் மணிக்கொரு தரம் சொல்லியிருப்பேன்.

ஆத்திரத்தில் தொப்பியைக் கழுவுவதற்காக மண்ணெண்ணெய் டப்பாவில் பொத்தென்று போட்டுவிட்டு, அனு-திக்குப் போன் பண்ணி இடுக்கியிலிருந்து பேரிங் வரைக்கும் உண்மையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை மட்டும்தான் இருக்கிறது, வலது தொப்பியும் இதே மாதிரி அடம்பிடித்தால் பேரிங் மாற்ற நேரம் இருக்காது என்றும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பெருமூச்சு விட்டார். பழியில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டார், என்ன மனசு பாருங்கள். "முப்பது வருஷம் புவியியல் நடத்தினவ நான். கிழக்கு மேற்கு கேளு, தூக்கத்துலயும் சொல்வேன். இடது வலது எங்க சிலபஸ்லயே இல்ல மீனா."

மண்ணெண்ணெய் டப்பா

சனிக்கிழமை காலை வந்ததும் முதல் வேலையாக டப்பாவிலிருந்து தொப்பியை எடுத்துத் துடைத்தேன். பழைய கிரீஸெல்லாம் கரைந்து உள்பக்கம் சுத்தமாகத் தெரிந்தது. நடுவில் என்னவோ இருந்தது. ஒரு சின்ன நட். யாரோ அதைத் தொப்பியின் உள்பக்கம் பற்றவைத்திருக்கிறார்கள், கொஞ்சம் கோணலாக. இது கம்பெனியில் செய்ததாகத் தெரியவில்லை. திருப்பி, வெளிப்பக்கத்துக் கறுப்புப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினேன். தலை தேய்த்த ஒரு குட்டி ஸ்க்ரூ எட்டிப் பார்த்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் ஒரு நீள போல்ட்டை விட்டுத் திருக வேண்டும். போல்ட் உள்ளே போய்ச் சக்கரத்து அச்சின் முனையில் முட்டும். அதற்கு மேலும் திருகினால் அச்சு நகராது, அதனால் தொப்பிதான் வெளியே வந்தாக வேண்டும். நெம்ப வேண்டாம், இழுக்க வேண்டாம், தட்ட வேண்டாம். அடுத்து வருகிற மெக்கானிக் கஷ்டப்படக் கூடாது என்று எந்தப் புண்ணியவானோ யோசித்து வைத்திருக்கிறார். வலது பக்கம் ஓடினேன். பெயின்ட்டைச் சுரண்டினேன். அங்கேயும் ஸ்க்ரூ! போல்ட்டை விட்டுத் திருகத் திருக, தொப்பி அலுங்காமல் குலுங்காமல் எழுந்து வந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வலது பேரிங் சொறி பிடித்த மாதிரி இருந்தது. குற்றவாளி அதுதான். பிசு-தா மல்லிக் பஜாருக்குப் போய் அதே அளவில் புது பேரிங் வாங்கி வந்தார், சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்தோம். முடித்துவிட்டு, இடது தொப்பியை உள்ளங்கையில் வைத்து அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மணி நேரம் மாப்பிள்ளையை எழுப்பினேன் திதி. அவர் தலைமாட்டுலயே அலாரம் இருந்திருக்கு."

கோணல் நட்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு தாதா வந்தார். மெலிந்த உருவம், குரங்குக் குல்லாய், கழுத்தில் மஃப்ளர், முகத்தில் சிரிப்பு என்கிற சமாச்சாரமே இல்லை. பின்னாலேயே அனு-தி, ராத்திரி தூங்காத கண்ணோடு. அமல்பாபு எடுத்த எடுப்பில், "வேலை செஞ்சேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. கழற்றிக் காட்டுங்க" என்றார். நான் வாயே திறக்காமல் இடது சக்கரத்தைக் கழற்றி, ஸ்க்ரூவை எடுத்து, போல்ட்டை விட்டுத் திருகினேன். தொப்பி வெளியே வந்தது. உள்ளே புது கிரீஸ்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். எனக்கோ வாய் சும்மா இருக்குமா? அந்தத் தொப்பியை அவரிடம் நீட்டி, "இதை யார் செஞ்சாங்கன்னு தெரியல சார். ஆனா யாரா இருந்தாலும் பெரிய மண்டை. அவங்க கையை ஒரு தடவை தொட்டுக் கும்பிடணும்னு இருக்கு" என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் தொப்பியை வாங்கினார். கண்ணாடியைப் போடாமலேயே, உள்பக்கம் கட்டைவிரலால் தடவினார். அந்த நட்டின் மேல் விரல் நின்றது.

"கோணலா இருக்கு, இல்ல?" என்றார். நான் ஆமாம் என்றேன். "எனக்கு அப்போ பத்தொன்பது வயசு. அப்பா இந்த வண்டியை யாரையும் தொட விடமாட்டார். அவர் ஒரு வாரம் ஊர்ல இல்லாதப்போ, இந்தத் தொப்பியோட நான் நாலு நாள் போராடினேன். எடுத்ததும் காலேஜ் பட்டறைக்குக் கொண்டுபோய் நட் வெச்சேன். இதைப் பற்றவைக்கும்போது அப்பா நாளைக்கே வர்றார்னு தந்தி வந்துடுச்சு. கை நடுங்கிப்போச்சு. அவர் கண்ணுல படக்கூடாதுன்னு மேல கறுப்புப் பெயின்ட் அடிச்சேன்." அனு-தி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "தாதா, எங்கிட்ட ஏன் சொல்லல?" "உனக்கு ஒன்பது வயசு. காலைல நான் திருடித் தின்ன சந்தேஷ் மிட்டாய் வரைக்கும் அப்பாகிட்ட ஒப்பிப்பே."

தொப்பியை அவரே தட்டி மாட்டினார். ரெண்டு பேரும் கிளம்பினார்கள், அனு-தி ஸ்டீயரிங்கில், அவர் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு. ரெண்டு பேர் வண்டியில் எனக்கு இடம் ஏது? நானும் பிசு-தாவும் வாசலில் நின்றோம். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை மணி ஆயிற்று. சால்ட் லேக் போய்வர இவ்வளவு நேரமா? புது பேரிங்கை நான் அதிகமாக இறுக்கிவிட்டேனோ, வழியில் சூடாகி நின்றுவிட்டதோ என்று பிசு-தாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிசு-தா மூன்றாவது டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ரெண்டு மணி நேரம் கழித்துச் சந்து முனையில் சிவப்பாகத் தெரிந்தது. நான் காதைத் தீட்டினேன். இன்ஜின் சத்தம் மட்டும்தான். முனகல் இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தது அமல்பாபு. குரங்குக் குல்லாயைக் காணோம், இருக்கிற நாலு முடியும் நட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் அனு-தி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாத முகத்தோடு.

அவர் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு அனு-திதான், "சால்ட் லேக்ல அவரே ஸ்டீயரிங்கை வாங்கிக்கிட்டார். திரும்பச் சொன்னா, உன் இடுக்கிக் கதையைக் கேட்டுக்கிட்டே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போய்ட்டே இருந்தார்" என்று சொன்னார். பிறகு அந்தக் கேள்வியை, செவ்வாய்க்கிழமையிலிருந்து தொண்டையில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டார்: "தாதா, அப்போ விக்கிறதா?" அவர் தங்கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அந்த முகத்தில் சிரிப்பைக் கண்டேன். "யாருக்கு விக்கிறது? வாங்குறவன் முதல் வேலையா அந்தத் தொப்பி மேல பெயின்ட் அடிப்பான். அப்புறம் அந்த ஊர்லயும் ஒரு மீனா, பெயின்ட்டைச் சுரண்டிக்கூடப் பார்க்காம, வீட்டு இடுக்கியை எடுத்துட்டு வந்து இழுத்துக்கிட்டிருப்பா. எழுதிக்கோ அனு, ரெண்டு பாதியும் உன்னோடதுதான்."

ஆக, அந்த வாரத்தில் நான் கழற்ற நேர்ந்தது ரெண்டு தொப்பி, ஒரு தாதாவின் வீம்பு, என் சொந்தத் தலைக்கனம் என்று மொத்தம் நாலு உருப்படி; அதில் டொக்கு விழுந்தது கடைசியாகச் சொன்ன ஒன்றில் மட்டும்தான்.